ஒரு பக்கத்துக்காக நின்றுபோன பத்திரிகை

ஐப்பசி மாதம், செவ்வாய்க்கிழமை. காலை ஆறே முக்காலுக்கு ராசிபுரத்தில் கொல்லிமலை பஸ் ஏறினேன். சோளக்காட்டுக்கு டிக்கெட் நாற்பத்தெட்டு ரூபாய்.

நான் தையல்காரன், பத்தாவது வரை படித்தவன். காத்திருப்பவர்கள் புரட்டுவதற்காகக் கடையில் வாராவாரம் நாலு பத்திரிகை வாங்கிப் போடுவேன். நாலிலும் அதே நடிகர், அதே கட்சித் தகராறு. அட்டையைக் கிழித்துவிட்டால் எது எதுவென்று எனக்கே தெரியாது. போன வருடம் மலையிலிருந்து வந்த ஒருவர் 'மேட்டுச் சேதி' என்ற மாதப் பத்திரிகையை மறந்து வைத்துவிட்டுப் போனார். எட்டுப் பக்கம், செராக்ஸ் எடுத்துப் பின் அடித்தது. வாடிய மிளகுக் கொடிக்கு ஒருவர் செய்த வைத்தியம் அதில் இருந்தது. பிரசவ வலி வந்த பெண்ணைத் தூளி கட்டித் தூக்கிப் போன நாலு பேரில் ஒருவர், அந்த வழியை அடி அடியாக எழுதியிருந்தார். உடனே சந்தா கட்டினேன். ஆவணியோடு இதழ் வருவது நின்றது. இரண்டு கடிதம் போட்டேன், பதில் இல்லை. போனில் பேசக் கூச்சப்படுகிற நான் நேரில் போக எப்படித் துணிந்தேனோ தெரியவில்லை.

காரவள்ளி தாண்டியதும் எழுபது வளைவுகளும் தொடங்கின. பாதி மலையில் மேகம் மூடிக்கொண்டது. பக்கத்தில் இருந்த அம்மாள் பையில் வாந்தி எடுத்துவிட்டு, "நாப்பது வருசமா இதே ரோடுதான். வயிறு மட்டும் பழகமாட்டேங்குது சாமி" என்றார்.

ஒன்பதேகாலுக்குச் சோளக்காடு. தூறலில் பலாவும் வாழைத்தாரும் பாலித்தீன் மூடிக் கிடந்தன. டீ பன்னிரண்டு ரூபாய். மேட்டுச் சேதி விலைக்குக் கிடைக்குமா என்று டீக்கடைக்காரரிடம் மெதுவாகக் கேட்டேன்.

"வெலைக்கா? எங்க மாமன் எழுதுனதை நாங்களே காசு குடுத்து வாங்குனா, மனுசன் தலைமேல ஏறி உக்காந்துக்குவாருங்க!" கடையே சிரித்தது. பிறகு அவரே, "அது நின்னு போச்சுங்க. வாழவந்தி நாட்டுல செராக்ஸ் கடை பாப்பாத்தியக் கேளுங்க" என்றார்.

பத்தே முக்காலுக்கு அந்தக் கடையில் இருந்தேன். பாப்பாத்திக்கு நாற்பது வயதிருக்கும்.

"லெட்டர் போட்ட தையக்காரரா? வாங்கண்ணா. என்னன்னு பதில் எழுதறதுன்னே தெரியலீங்க."

அந்தப் பத்திரிகைக்கு நிருபர் கிடையாது என்று விளக்கினார். கோயில் பூசைபோல ஊருக்கு ஊர் முறை. முறை வந்த ஊர்தான் முதல் பக்கம் எழுத வேண்டும். இப்போதைய முறை பதினான்கு வீடுள்ள ஒரு சிற்றூருக்கு. அங்கே எழுதத் தெரிந்த பிள்ளைகள் எல்லாரும் திருப்பூர் பனியன் கம்பெனிகளில் இருக்கிறார்கள்.

"அடுத்த ஊருக்குப் போயிடலாமேங்க?"

"தாண்டுனா, அது செத்துப்போன ஊருன்னு நாமளே சொன்ன மாதிரிங்கண்ணா. அடுத்த முறை எங்க ஊரு. நான் எழுதுனாலும் பறிச்சுக்கிட்டேன்னு ஆயிரும்."

செராக்ஸ் மெஷினின் மூடியைச் சாத்தினார்.

"வெளியாளு யாராச்சும் வந்து உக்காந்து, அவங்க சொல்றதக் கேட்டு எழுதுனா ஒத்துக்கறோம்னு அந்த ஊர்க்காரங்க சொல்லியிருக்காங்க. மூணு கிலோமீட்டர்தான். நீங்க போறீங்களா? இல்லீன்னா இத்தோட மூடிர வேண்டியதுதான்."

பதினான்கு வீட்டாரும் சுற்றி உட்கார்ந்து என் முகத்தைப் பார்ப்பதை நினைத்தேன்.

"எனக்கு எழுத வராதுங்கம்மா."

"டீச்சரும் அதான் சொன்னாங்க, வி.ஏ.ஓ.வும் அதான் சொன்னாரு. ரெண்டு பக்கம் லெட்டர் மட்டும் வருதுங்களா?" என்று சிரித்தார். நான் சிரிக்கவில்லை. அவரும் நிறுத்திக்கொண்டு, ஆறு பழைய இதழ்களை எடுத்துக் கையில் கொடுத்தார்.

இரண்டு மணி பஸ்ஸில் திரும்பினேன். அந்த ஊருக்குப் பிரியும் மண்பாதையில் பஸ் நின்றது. ஒருவர் கேழ்வரகு மூட்டையை இறக்கினார். கண்டக்டர் என்னைப் பார்த்து, "எறங்கறீங்களா?" என்றார். "இல்லீங்க" என்றேன். விசில் ஊதினார்.

மறுநாள் காலை கடை திறந்ததும் மெஷினைத் தள்ளி வைத்துவிட்டு, இதை ஒரே மூச்சில் எழுதி முடித்தேன். ஓர் இடத்திலும் கை நிற்கவில்லை. அந்தப் பதினான்கு வீட்டார் சொல்வதற்கென்று வைத்திருந்த ஒரு வார்த்தையும் இதில் இல்லை.