வாயைத் திறந்தபடி கேட்கவேண்டிய கதை

"கொஞ்சம் அகலமா. இன்னும் கொஞ்சம். அப்படியே இருங்க."

வாயோரத்தில் எச்சில் உறிஞ்சும் குழாயை மாட்டிய கையோடு பல் டாக்டர் அந்தக் கப்பல் படத்தைப் பற்றி ஆரம்பித்துவிடுவார். நாற்காலியில் கிடப்பவர் மறுத்துப் பேச வழியில்லை.

ஐந்து முறை பார்த்தாகிவிட்டது. நான்கு அடுக்குக் கப்பல். ஒவ்வொரு அடுக்கிலும் வேறொரு நாள் நடக்கிறது. திங்கட்கிழமை அடித்தளத்துச் சமையற்காரன் தட்டிவிடும் கோப்பை, வியாழக்கிழமை மேல்தளத்தில் விழுந்து உடைகிறது. ஊரே முண்டியடித்துப் பார்த்தது. பிறகு அதே ஊர், 'எல்லாம் வெறும் பில்டப்பு' என்று உதட்டைப் பிதுக்கியது.

"புரியலைங்கறாங்க. எனக்கு மட்டும் முழுசாப் புரிஞ்சுதா? என் வீட்டுக்காரரையே இருபத்திரண்டு வருஷமாப் புரியலை. பாதியில எழுந்து வந்துட்டேனா? மியூசிக் காதைப் பிளக்குது, ஒத்துக்கறேன். மேல்மாடிக்காரி அழுகையும் கொஞ்சம் ஜாஸ்தி. ஆனா அந்தக் கோப்பை உடையறப்ப தியேட்டர்ல ஐந்நூறு பேரும் ஒண்ணா மூச்சை இழுத்தாங்க பாருங்க, அதுக்குத்தான் திரும்பத் திரும்பப் போறேன். ம், துப்புங்க."

படத்தின் பாதியில் எழுந்து வந்தது வேறு யாருமல்ல, டாக்டரின் அண்ணன். சிறுவயதிலிருந்து இருவரும் சேர்ந்தேதான் படம் பார்ப்பார்கள். வீடு வரும்வரை வழிநெடுகச் சண்டை போடுவார்கள். அந்தச் சண்டை இல்லாமல் ஐந்து முறை பார்த்தும் டாக்டருக்கு நிறையவில்லை. இன்று மாலை ஆறரைக் காட்சியோடு தியேட்டரிலிருந்து படத்தைத் தூக்கிவிடுகிறார்கள். அண்ணனோ காலையிலேயே கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வந்து நாற்காலியில் சாய்ந்தார்.

"பாப்பா, பல்லை மட்டும் பாரு. கப்பலை இழுக்காதே. நாலு மாடியில ஒரு மாடி சும்மா இழுவை."

வேறெங்கோ வேர்சிகிச்சை செய்த கடைவாய்ப்பல். மூன்று வேர்க்குழாய்களைச் சுத்தம் செய்து அடைத்திருந்தார்கள். ஆனாலும் வலி போகவில்லை. ஐம்பது வயதுப் பாப்பா பூதக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார். நாற்பது நிமிடம் படப் பேச்சே இல்லை. தலைமுடி போன்ற கம்பி எங்கோ சிக்கியதும் கை நின்றது.

"மாட்டினான்."

"யாரு?" எச்சில் குழாயை எடுத்ததும் அண்ணன் குழறினார்.

"நாலாவது வேர்க்குழாய்."

"அது இருக்குன்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"தெரியாது. இருக்கலாம்னு தேடினேன். இல்லேன்னா மூணோட விட்டிருப்பேன்."

அண்ணன் கன்னத்தை விரலால் தட்டிப் பார்த்தார்.

"பாதி மூஞ்சி மரத்துக் கிடக்கு. சாயங்காலம் படத்துல சிரிப்பு வந்தா நான் என்ன பண்றது?"

"அந்தப் படத்துல சிரிப்பே வராதுண்ணா."

டாக்டர் மருந்துச்சீட்டை இழுத்து, வலி மாத்திரை, சாப்பிட்ட பின், இருவேளை என்று எழுதினார். அதன்கீழ் அதே கோழிக்கிறுக்கலில், 'இடைவேளையில் எழுந்திருக்கக் கூடாது' என்று சேர்த்து, கையெழுத்துப் போட்டு, முத்திரையையும் ஓங்கி ஒரு குத்துக் குத்தினார்.