அம்மா விழும் பாட்டு

அன்று அப்பாவின் கை தவறித்தான் பட்டதா? அந்த நாளை நினைத்தால் முதலில் வருவது வாடைதான்: கேக்கின் நீலக் கிரீமில் இருந்த திகட்டல், சித்தப்பாவின் வாயிலிருந்து அடித்த பீர் நெடி, எண்ணெய் ஆலைப் பக்கமிருந்து காற்றில் வந்த புளித்த செம்பனைப் பழ நாற்றம்.

மலேசியாவில், கோலசிலாங்கூருக்குப் பக்கத்தில் ஒரு தோட்டத்து லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், நாங்கள் இருந்த காலம் அது. அப்பா பழக்குலை ஏற்றும் லோரி ஓட்டினார். அண்மையில் காலமான நம் ஊர்ப் பாடகர் ஒருவரின் குறிப்பிட்ட ஒரு பாட்டு இல்லாமல் எங்கள் வீட்டில் ஒரு பிறந்தநாளும் நடந்ததில்லை. எதிர்த்துப் பேசும் மனைவியைக் கணவன் அறைவதாக அதில் ஓர் இடம் வரும்; அங்கே மேளம் ஒருமுறை அதிரும். எங்கள் குடும்பம் அதற்கு "அறை ஸ்டெப்பு" என்று பெயர் வைத்திருந்தது. அப்பா கையை ஓங்கிக் கன்னத்தருகே நிறுத்துவார், அம்மா சுழன்று தரையில் விழுவார், பிள்ளைகள் நாங்கள் சுற்றி நின்று "விழு! விழு!" என்று கத்துவோம்.

வாசலில் பந்தல் போட்டுக் கொண்டாடிய என்னுடைய பிறந்தநாள் ஒன்றில் அந்தக் கை நிற்கவில்லை. அம்மாவின் தோடு கழன்று தெறித்தது. பாட்டு ஓடிக்கொண்டே இருந்தது.

"அண்ணி, இன்னைக்குத்தான் கரெக்டா விழுந்தீங்க லா!" என்றார் சித்தப்பா.

பந்தலே சிரித்தது. அம்மாவும் சிரித்தபடி, மேசைக்கு அடியில் கையை விட்டுத் திருகாணியைத் தேடினார். அப்பா வீட்டில் அம்மாவை அடித்து நான் பார்த்ததில்லை. ஆனால் அன்று காலையிலிருந்து இருவரும் பேசிக்கொள்ளவில்லை என்பது நினைவிருக்கிறது. அதற்குப் பிறகு அப்பா அதே கையால் எனக்குக் கேக் ஊட்டினார்.

இப்போது அந்த லயம் இல்லை. இடித்துவிட்டு மறுபடியும் செம்பனை நட்டுவிட்டார்கள். சித்தப்பாவும் போய்விட்டார். பாடகர் இறந்த நாளிலிருந்து எல்லாருடைய கைப்பேசியிலும் அதே பாட்டு. "நம்ம பொற்காலம்" என்று கண்ணீர்ப் படங்களோடு அனுப்புகிறார்கள். பாட்டின் வரிகளை யாராவது கேட்டார்களா என்று தெரியவில்லை. நானே கல்யாணமாகி, பிள்ளை பெற்று, ஒருநாள் காரில் தனியாகப் போகும்போதுதான் ஒழுங்காகக் கேட்டேன். பாதியிலேயே அணைத்துவிட்டேன்.

போன வாரம் வேலை முடிந்து பிள்ளைகளை அழைத்துவர அம்மா வீட்டுக்குப் போனேன். வரும் ஞாயிற்றுக்கிழமை அப்பாவுக்கு அறுபதாம் பிறந்தநாள் விருந்து. கூடத்தில் மெத்தை விரித்திருந்தது. என் மகன் கையை ஓங்கினான். அவன் தங்கை, இன்னும் பள்ளிக்கூடம் போகாதவள், சுழன்று விழுந்தாள். அப்பா கைதட்டினார்.

"அம்மா, நா எப்டி விழறேன் பாரு! தாத்தா எனக்குத்தான் ஸ்டார் குடுத்தாரு!"

"என்னப்பா இது?" என்றேன்.

"எது? உங்க அம்மாவும் நானும் ஆடுனதுதானே. அப்ப நீதான் மொதல்ல கைதட்டுவ" என்று அப்பா சிரித்தார்.

நான் அம்மாவைப் பார்த்தேன். சமையலறை வாசலில் நின்றிருந்த அவர் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்து பேத்தியின் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"அப்டி விழாத கண்ணு, மூக்குல பட்டுரும். மொதல்ல கைய ஊனு, அப்பறம் தோள சாய். அப்டி விழுந்தா வலிக்காது."

பாப்பா அப்படியே விழுந்து காட்டினாள்.

நான் பிள்ளைகள் இருவரையும் காரில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டேன். நான்தான் பெரிதுபடுத்துகிறேனோ என்று ஒரு பக்கம் தோன்றுகிறது. வெறும் ஆட்டம்தானே, அப்பாவுக்கு வயதாகிவிட்டது, சொந்தக்காரர்கள் எல்லாரும் வருகிறார்கள். இன்னொரு பக்கம், அம்மா சொல்லிக்கொடுத்த விதம் மனத்தை விட்டுப் போகவில்லை. மகளோ, பாவாடையை எடுத்து வைத்துக்கொண்டு ஞாயிறு எப்போது வரும் என்று கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

இதைப் படிக்கிறவர்களில் அம்மாக்கள் இருப்பீர்கள். விருந்தைக் கெடுக்காமல் இதை நிறுத்த வழி உண்டா? இல்லை, கெட்டாலும் பரவாயில்லை என்று நிறுத்திவிட வேண்டுமா? மகளுக்கு இது ஏன் கூடாதென்று, அவள் தாத்தாவைப் பார்த்துப் பயந்துவிடாதபடி, எந்த வார்த்தைகளில் சொல்வது? ஞாயிறுக்குள் யாராவது எழுதுங்கள்.