மலைக்குப் போன என் பெயர்

மாடி வீட்டு சுமதி அக்கா ஊருக்குப் போயிருந்தபோது அவருடைய போன்சாய் ஆலமரம் தண்ணீரில்லாமல் காய்ந்துவிட்டது.

வந்து பார்த்து அழுதார். நான்தான் அதைத் தொட்டியோடு பக்கெட் தண்ணீரில் முக்கி ஊறவைத்து, நிழலில் வைத்துப் பார்த்துக்கொண்டேன்.

இன்று காலை துளிர் விட்டிருந்தது. அக்காவைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

கன்னத்தில் போட்டுக்கொண்டார். "எல்லாம் அண்ணாமலையார் செயல்மா! மொட்டை மாடில மலையப் பாத்தா மாதிரியே வெச்சிருந்தேன்ல, அதான் பொழைச்சிக்கிச்சு."

"அக்கா, நான் ஊற வெச்சேனே?"

"வெச்சே, வெச்சே. கொஞ்சம் தள்ளி நில்லுமா, போட்டோ எடுக்கணும்."

அந்தப் படம் இப்போது எங்கள் தெரு வாட்ஸ்அப் குழுவில் இருக்கிறது. மரம், பின்னால் மலை, கீழே வரிசையாகக் கும்பிடும் கைகள். என் பக்கெட்டைக்கூட வெட்டிவிட்டார்.

சாமி மேல் பொறாமைப்படக் கூடாதுதான். ஆனாலும் நீங்களே சொல்லுங்கள், மரம் காய்ந்துகொண்டிருந்தபோதும் மலை அங்கேயேதானே இருந்தது?