அக்காவுக்குச் சாத்திய கதவு

கூடப்பிறந்த அக்காவின் விசிட்டிங் கார்டில் வேண்டுமென்றே சாத்திய கதவைப் போட்டு, ஏதோ பழைய பகையைத் தீர்த்துக்கொண்டான் அந்த டிசைனர் என்று ஜெராக்ஸ் கடையில் பேசிக்கொண்டார்கள். இவ்வளவு ருசியான செய்தி உண்மையாக இருக்க வேண்டுமே என்ற கவலையோடு விசாரிக்கப் போனேன்.

வீடுகளுக்கு நர்ஸ்களை அனுப்பும் ஏஜென்சி அது. பெயரை மாற்றியதும் புதுச் சின்னம் தேவைப்பட்டது. அங்கே வரவேற்பில் இருக்கும் அக்கா, வேலையில்லாமல் வீட்டுச் சுவரை வெறித்துக்கொண்டிருந்த தம்பியை மேலாளர் முன் கொண்டுபோய் நிறுத்தினாள். அவன் ஒரு கதவை வரைந்தான். பேனா மாதிரி ஒடுங்கிய பொருளில் சாத்தியிருக்கும், கார்டில் ஒருக்களித்திருக்கும், வேனின் பக்கவாட்டில் விரியத் திறந்திருக்கும். பொருளுக்குத் தக்கபடி வளைந்துகொடுக்கிற சின்னம். ஆறு வடிவங்களைக் கொடுத்துவிட்டு வந்தான்.

அந்த அலுவலகத்திலோ நாற்காலியின் சாய்மானம்கூடப் பதவியைப் பார்த்துத்தான் உயரும். ஆறு கதவுகளைக் கண்ட பிறகு மேலாளரின் கை சும்மா இருக்குமா? கார்டு அடிக்கும்போது தனக்கு முழுக்கத் திறந்த கதவு, கணக்கருக்கு முக்கால் என்று இறங்கிக்கொண்டே வந்து, வரவேற்புக்கு இறுகச் சாத்தியதை வைத்துவிட்டார்.

அக்கா தம்பியோடு பேச்சை நிறுத்தினாள். அவன் போன் செய்தால் எடுப்பதில்லை. வீட்டுக்கு வந்தால் சமையலறைக்குள் போய்விடுவாள். என்னிடம் சொல்லும்போதும் சூடு ஆறவில்லை.

"வேலை வாங்கிக் கொடுத்ததே நான். கார்டைப் பாத்துட்டு, 'இன்னிக்கு லீவாம்மா?'ன்னு கேக்குறாங்க. தம்பியாம் தம்பி."

கதவுகளைப் பங்கு பிரித்தது தானில்லை என்று அவன் எவ்வளவு சொல்லியும் எடுபடவில்லை. கடைசியில் மேலாளரிடமே போனான். வடிவமைப்பு விதிகளைச் சொன்னால் அவர் கொட்டாவி விடுவார் என்று தெரியும். அதனால் பவ்யமாக ஒன்றைக் கேட்டான்.

"சார், பெரியவங்க ரூம் கதவு எப்பவும் சாத்தித்தானே இருக்கும்?"

மேலாளர் திரும்பித் தன் அறைக் கதவைப் பார்த்தார். அது சாத்தித்தான் இருந்தது.

எல்லாக் கார்டுகளும் மறுபடி அச்சுக்குப் போயின. இப்போது இறுகச் சாத்தியது மேலாளருக்கு. விரியத் திறந்தது வரவேற்புக்கு. முக்கால் கதவு கிடைத்தபோது ஊரெல்லாம் காட்டித் திரிந்த கணக்கர், தன் கதவை இன்னும் கொஞ்சம் சாத்தித் தரச் சொல்லி மேலாளரைச் சுற்றிச் சுற்றி வருகிறார். அக்கா தம்பியோடு பேசுகிறாள், திட்டுவதையும் சேர்த்து.

மறு அச்சுக்குத் தலையாட்டியபோது மேலாளர் ஒரு பிரதியுபகாரம் கேட்டிருந்தார்: அவர் வீட்டு வாசலுக்கு இதே சின்னத்தோடு ஒரு பெயர்ப்பலகை. தம்பியும் ஒப்புக்கொண்டுவிட்டான். தன் தகுதிக்குச் சாத்திய கதவு வேண்டும் என்கிறார் மேலாளர். அவர் மனைவி, வீட்டுக்கு மனுசங்க வரவே கூடாதா என்கிறார். இருவரில் ஒருவர் இறங்கி வரும்வரை பலகையைத் தொடுவதாக இல்லை தம்பி.

தினமும் உள்ளே நுழையும்போது வரவேற்பு மேசையருகே ஒரு நிமிடம் நிற்கிறார் மேலாளர்.

"தம்பி என்ன சொல்றான்?"

"பண்ணிக்கிட்டே இருக்கான் சார்" என்கிறாள் அக்கா.