பாலாற்றங்கரையில் தங்கைக்கு இரண்டாம் ஞானஸ்நானம்

காட்பாடி சந்திப்பில் இறங்கியபோது சனிக்கிழமை காலை எட்டே கால். தூத்துக்குடியில் வெள்ளி மாலை ஏறி, சென்னையில் வண்டி மாறி, ஒரு வழியாக வந்து சேர்ந்தேன். பிளாட்பாரத்தில் பத்து ரூபாய் டீயைக் குடித்தபடி தோள்பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன். உள்ளே என் சட்டைகளுக்கு நடுவில், பழைய துண்டில் சுற்றி, ஒரு முழம் நீளத்தில் ஒரு மெழுகுவர்த்தி இருந்தது. அது என் தங்கை ஸ்டெல்லாவின் ஞானஸ்நான மெழுகுவர்த்தி. முப்பது வருடமாக அம்மா அதைப் பீரோவில் வைத்திருந்தாள்.

ஸ்டெல்லா எனக்குப் பதினேழு வயது இளையவள். ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் தையல் பிரிவு சூப்பர்வைசர். அந்த ஊர் டேனியலைக் காதலித்தாள். ஆறு வருடம் முன்பு எங்கள் ஊர்க் கோயிலில்தான் கல்யாணம். அதுவரை எல்லாம் சரி. ஆனால் நாங்கள் கத்தோலிக்கர், டேனியல் வீட்டார் பெந்தெகொஸ்தே. அவர்களோடு சேர்ந்து சபைக்குப் போய்க்கொண்டிருந்தவள், இந்த ஞாயிற்றுக்கிழமை முழுக்கு ஞானஸ்நானம் எடுக்கப்போகிறேன் என்று போன் செய்தாள். அம்மா போனை வைத்துவிட்டு என்னைக் கூப்பிட்டாள்.

“பிறந்த நாப்பதாம் நாள் குடுத்தமே, அது என்ன, பச்சத் தண்ணியால? இந்தத் திரிய அவ கண்ணுல காட்டு. அதுக்கும் கேக்கலைன்னா, முழுகினவ என் சாவுக்கும் வர வேண்டாம்னு சொல்லிட்டு வந்துரு.”

இதைச் சொல்லத்தான் ஏறக்குறைய எண்ணூறு கிலோமீட்டர் பயணம். என்னை அனுப்ப இன்னொரு காரணமும் உண்டு. ஸ்டெல்லாவுக்கு ஞானத்தகப்பன் நான்தான். எங்கள் முறையில் குழந்தைக்குப் பேச வாய் இல்லையென்பதால், ‘பசாசை விட்டுவிடுகிறாயா?’ என்று சாமியார் கேட்கும்போது ஞானத்தகப்பனும் பெற்றவர்களும் பதில் சொல்ல வேண்டும். நான் கணீரென்று விட்டுவிட்டேன். அன்று என் சட்டைப்பையில் இருந்த சிகரெட்டை மட்டும் விடவில்லை.

காட்பாடியிலிருந்து வேலூர் புதிய பேருந்து நிலையத்துக்கு ஏழு கிலோமீட்டர் இருக்கும். நகரப் பேருந்தில் போய், ஒன்பதரைக்கு ஆம்பூர் வண்டியில் ஜன்னலோரம் பிடித்தேன். டிக்கெட் நாற்பத்தைந்து ரூபாய். பக்கத்தில் பேரணாம்பட்டைச் சேர்ந்த தோல் வியாபாரி ஒருவர் உட்கார்ந்தார். வெள்ளைத் தாடி, மடி நிறைய சாம்பிள் தோல்கள். எங்கே போகிறேன் என்று கேட்டார். ஆம்பூர் என்றேன்.

“பிரியாணிக்கா?”

“தங்கச்சி வீட்டுக்கு, பாய். நாளைக்கு அவங்க சபையில ஞானஸ்நானம்.”

பொய்கை தாண்டி, பள்ளிகொண்டா தாண்டி, வண்டி தேசிய நெடுஞ்சாலையில் பறந்தது. வலப்பக்கம் பாலாறு மணலும் முள்ளுமாய்க் கூடவே வந்தது. பாய் வழியில் தெரிந்த சர்ச்சுகளைக் காட்டிக்கொண்டே வந்தார். உச்சியில் சிலுவை வைத்த கோபுரம் ஒன்று. அடுத்த ஊரில் தகரக் கொட்டகையில் ஒன்று. மாடி வீட்டில் போர்டு மாட்டியது ஒன்று.

“தப்பா எடுத்துக்காதீங்க, இன்னாத்துக்கு உங்க ஆளுங்கள்ல இத்தினி ஜாஸ்தி? ஒரே சாமி, ஒரே பொஸ்தகம். எங்கள்ல தொழுறப்ப கைய மேல கட்றதா கீழ கட்றதான்னே ரெண்டு பேச்சு. அதுக்கே பேஜாரு.”

எனக்குத் தெரிந்ததே பாதி. அந்தப் பாதியையும் சொன்னேன். ஐந்நூறு வருடம் முன்பு ஐரோப்பாவில் ஒரு பெரிய சண்டை. மோட்சத்துக்கு வழி விசுவாசம் மட்டுமா, நற்செயலும் வேண்டுமா? கடைசி வார்த்தை போப்பாண்டவருடையதா, வேதப் புத்தகத்தினுடையதா? ஜெர்மனியில் ஒரு துறவி கேள்வி கேட்டதில் லூத்தரன் சபை பிரிந்தது. இங்கிலாந்து ராஜாவுக்கு மறுகல்யாணம் செய்ய அனுமதி கிடைக்காததில் இன்னொன்று. குழந்தைக்கு ஞானஸ்நானம் செல்லாது, புத்தி தெரிந்தவன் தானாகக் கேட்டு வாங்க வேண்டும் என்று ஒரு கூட்டம் தனியே போனது. பெந்தெகொஸ்தே இவற்றுக்கெல்லாம் பிந்தி வந்தது, ஆனால் ஞானஸ்நான விஷயத்தில் அந்தக் கூட்டத்தின் கட்சி. பிறகு கப்பல்கள் வந்தன. முத்துக்குளித்துறையில் போர்த்துக்கீசியர் இறங்கியதால் நாங்கள் கத்தோலிக்கர். தரங்கம்பாடியில் ஜெர்மன்காரர் இறங்கியதால் அந்தப் பக்கம் லூத்தரன். இந்த ஆற்காட்டுப் பக்கம் அமெரிக்கர் வந்து ஆஸ்பத்திரியும் பள்ளியும் கட்டினார்கள். யார் கப்பல் எந்தக் கரையில் ஒதுங்கியதோ, அந்தக் கரைக்கு அந்தச் சபை.

பாய் யோசித்தார். “அப்போ சண்டை அவங்களுது, பாகப்பிரிவினை மட்டும் உங்களுக்கா?”

சிரித்துவிட்டேன். ஆனால் முழுப் பழியையும் வெள்ளைக்காரன் தலையில் போட முடியாது. மைக் செட் யார் வாங்குவது என்பதில் இரண்டான சபையை எனக்குத் தெரியும். ஒரே கோயிலில் சாதிக்கொரு கல்லறைத் தோட்டம் வைத்த ஊரையும் தெரியும். அது எந்தக் கப்பலிலும் வந்ததில்லை.

“எங்க ஊர்ல எல்லா பிரியாணிக் கடையிலயும் நாங்கதான் ஒரிஜினல்னு போர்டு வெச்சிருக்கான். அரிசி ஒண்ணுதான். பசி எடுத்தவன் எங்கனா சாப்ட்டுப் போறான்” என்றார் பாய், இறங்குவதற்கு முன் என் தோளைத் தட்டி. “தங்கச்சிய திட்டாதீங்க.” திட்டப்போகிறேன் என்று நான் சொல்லவே இல்லை. எப்படித் தெரிந்ததோ.

பத்தே முக்காலுக்கு ஆம்பூர். இறங்கியதும் ஒரு பக்கம் பதனிட்ட தோல் வாடை, மறு பக்கம் தம் உடைத்த பிரியாணி வாசனை. இரண்டும் ஒன்றையொன்று விட்டுக்கொடுக்காமல் தெருவில் நின்றன. டேனியல் பைக்கோடு காத்திருந்தான். “வாங்க மச்சான், டிபன் ஆச்சா? ஸ்டெல்லா காலைலேர்ந்து வாசலையே பாத்துக்கினு இருக்குது.” என் பையை வாங்கி, குழந்தையை வைப்பதுபோல் டேங்க்கின் மேல் வைத்துக்கொண்டான். நல்ல பையன். இவன்மேல் கோபப்பட நானும் எவ்வளவோ முயன்றிருக்கிறேன்.

வீட்டு வாசலில் நின்ற ஸ்டெல்லாவின் காது மூளியாக இருந்தது. அவர்கள் சபையில் நகை போட மாட்டார்கள். அம்மா செய்து போட்ட முத்துக் கம்மல் இல்லாத அந்தக் காதைப் பார்த்ததும் வந்த காரியம் நினைவுக்கு வந்தது.

“இன்னாண்ணா, மெலிஞ்சுட்டீங்க?”

“என்ன, ‘இன்னா’வா? ஊர் பேச்சையும் முழுக்கிட்டியா?” என்றேன். சிரித்தாள். மதியம் பிரியாணியும் கத்திரிக்காய்த் தொக்கும். சாப்பிட்டுக் கை கழுவியதும் துண்டைப் பிரித்து மெழுகுவர்த்தியை அவள் முன் வைத்தேன். முனை கருகி, நடுவில் லேசாக வளைந்திருந்தது. அவள் அதைத் தொடாமல் வெகு நேரம் பார்த்தாள்.

“அம்மா குடுத்து விட்டாங்களா?”

“ஆமா. ஞானஸ்நானம் ஒரு தடவைதான் ஸ்டெல்லா. ரெண்டாந்தடவை எடுத்தா, முதல்ல குடுத்தது பொய்னு ஆயிடும். அம்மாவுக்கு அதுதான் வலி.”

“அன்னைக்கு எனக்காக நீங்கதான விசுவசிக்கிறேன்னு சொன்னீங்க? சொல்றப்ப என்ன நெனச்சீங்க? நெசமாச் சொல்லுங்கண்ணா.”

ஞானத்தகப்பன் பொய் சொல்லக் கூடாது. “புதுப் பேன்ட் இடுப்புல இறுக்குச்சு. சீக்கிரம் முடிஞ்சா நல்லா இருக்கும்னு நெனச்சேன்.”

இருவரும் சிரித்தோம். சிரித்தபடியே அவள் கண் நிறைந்தது. “நீங்க சொன்னது வேணாம்னு இல்லண்ணா. அதுலதான வளந்தேன். ஆனா நானே ஒரு தடவ என் வாயால சொல்லணும். அவ்ளோதான்.”

பஸ்ஸில் பாய்க்கு ஐந்நூறு வருட சரித்திரம் சொன்னவன், மெழுகுவர்த்தியைத் திரும்பத் துண்டில் சுற்றினேன். அம்மாவின் இரண்டாவது செய்தியை மாலை சொல்லலாம் என்று நினைத்தேன். மாலையில், காலை சொல்லலாம் என்று நினைத்தேன்.

ஞாயிறு காலை ஏழு மணி. பேரணாம்பட்டுச் சாலையில், ஊரைத் தாண்டி ஒரு தென்னந்தோப்பு. பாலாற்றில் தண்ணீர் ஓடினால் ஆற்றிலேயே ஞானஸ்நானம் கொடுப்பார்களாம். ஓடாத வருடங்களுக்குக் கோவிந்தசாமி என்ற விவசாயியின் பம்புசெட் தொட்டிதான் இயேசு முழுகின யோர்தான் நதி. அவர் நெற்றியில் நாமம் போட்டவர். சபையாரிடம் காசு வாங்குவதில்லை. சோப்பு மட்டும் போடக் கூடாது.

தொட்டியில் தண்ணீர் முழங்காலுக்குத்தான் இருந்தது. முந்தின நாள் கரண்ட் பாதியில் போய்விட்டது. “த்ரீ பேஸ் எட்டு மணிக்குத்தான் வரும். எவ்ளோ தண்ணி வேணும் உங்க சாமிக்கு?” என்றார் கோவிந்தசாமி.

“இடுப்பளவு இருந்தாத்தான் முழுக முடியும். கட்டை வெரல் வெளியே தெரிஞ்சாக் கூட மறுபடியும் முழுக்கணும்” என்றார் பாஸ்டர். பருத்த உடம்பு, வெள்ளைச் சட்டை, சிரித்த முகம். வார நாட்களில் தோல் ஷெட்டில் கணக்கு எழுதுகிறவர்.

“எங்க கோயில்ல மூணு கரண்டி போதும் பாஸ்டர். கரண்டே வேண்டாம்” என்றேன். எனக்கு நானே ஆறுதல் சொல்லிக்கொள்ளும் பேச்சு அது. அவர் கோபப்படவில்லை. “அதனாலதான் பிரதர், உங்க சபை இவ்ளோ பெருசா வளந்துச்சு” என்றார். தோப்பே சிரித்தது.

சிரிக்காதவள் ஸ்டெல்லா மட்டும். வெள்ளை உடையில் தொட்டி விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். எனக்குப் புரிந்தது. ஏழு வயதில் எங்கள் கடற்கரையில் அலை அவளை இழுத்துப் போனது. நான்தான் பாய்ந்து முடியைப் பிடித்துத் தூக்கினேன். அன்றிலிருந்து அவள் கணுக்காலுக்கு மேல் தண்ணீரில் இறங்கியதில்லை. இது மட்டும் அம்மாவுக்குத் தெரியாது. அவளுக்கு அடியும் எனக்கு வசவும் விழும் என்று இருவரும் மறைத்துவிட்டோம்.

எட்டேகாலுக்கு மோட்டார் உறுமியது. ஒன்பதுக்குத் தொட்டி இடுப்பளவு நிறைந்தது. பாஸ்டர் இறங்கினார். பக்கத்தில் நின்று முதுகைத் தாங்க டேனியல் வேட்டியை மடித்துக் கட்டினான். ஸ்டெல்லா படியில் நின்றுவிட்டாள்.

“பாஸ்டர், எங்க அண்ணன் பிடிக்கட்டுமா?”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் டேனியலைப் பார்த்தேன். அவன் வேட்டியை இறக்கிவிட்டு ஒதுங்கினான். பாஸ்டர் கொஞ்சம் யோசித்தார். “நாமத்த சொல்லி முழுக்கறது நான். முதுகத் தாங்கறவர் எந்த சபைன்னு வேதத்துல எங்கயும் கேக்கல. வாங்க பிரதர்.”

தடுக்க வந்தவன் செருப்பைக் கழற்றிவிட்டு, போட்டிருந்த பேன்ட்டோடு இறங்கினேன். ஸ்டெல்லா என் கையை இறுகப் பிடித்துக்கொண்டு வந்து நடுவில் நின்றாள். “கர்த்தராகிய இயேசுவை உன் சொந்த இரட்சகராக விசுவாசிக்கிறாயா?” என்று பாஸ்டர் கேட்டார். பழக்கதோஷம், என் வாய் திறந்துவிட்டது. மூடிக்கொண்டேன். அவளே சொன்னாள். தோப்பின் கடைசித் தென்னை வரை கேட்டது. பாஸ்டர் நாமம் சொன்ன பிதாவும் குமாரனும் பரிசுத்த ஆவியும் எங்களுடையவர்களேதான். அந்த வாக்கியம் முடிந்ததும் அவள் மூக்கைப் பிடித்துக்கொண்டு பின்னால் சாய்ந்தாள். முழு பாரமும் என் உள்ளங்கையில். கட்டைவிரல்வரை மூழ்கினாள். அடுத்த நொடி தூக்கினேன். கடலில் தூக்கியபோது இருமினாள், இப்போது சிரித்தாள். நான் அழுதேன். முகமெல்லாம் தண்ணீர் தெறித்திருந்ததால் யாருக்கும் தெரியவில்லை.

மதியம் ஒரு மணிக்கு என்னை வண்டியேற்ற இருவரும் வந்தார்கள். மெழுகுவர்த்தியை ஸ்டெல்லா கேட்டு வாங்கிக்கொண்டாள். “எங்க சபைல கொளுத்த மாட்டோம். சும்மா எங்கிட்ட இருக்கட்டும்ணா.” ஈரப் பேன்ட்டை டேனியல் பிழிந்து, பாலிதீன் பையில் போட்டு, பிரியாணிப் பொட்டலத்திலிருந்து பத்திரமாய்த் தள்ளி வைத்தான்.

காட்பாடி மூன்றாம் பிளாட்பாரத்தில் மணி மூன்றரை. வண்டிக்கு இன்னும் ஐந்து நிமிடம். அம்மாவுக்கு போன் போட்டேன். முதல் மணியிலேயே எடுத்தாள்.

“முழுகிட்டாளா?”

“ஆமாம்மா. நான்தான் முதுகப் பிடிச்சேன்.”

மறுமுனையில் அம்மா பீரோக் கதவைச் சாத்தினாள்.

“தண்ணி குளிரா இருந்துச்சால?”

“இல்லம்மா. மோட்டார் தண்ணி. வெதுவெதுன்னு இருந்துச்சு.”

“அன்னைக்கு சாமியாரு பானைத் தண்ணிய ஊத்தி பிள்ளைய வீல்னு அழ வச்சிட்டாரு.” மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. “தலைய நல்லாத் துவட்டினாளா?”

“துவட்டினா.”

“நான் இன்னொண்ணு சொல்லி விட்டனே, அதச் சொல்லிட்டியா?”

தண்டவாளத்தில் என் வண்டி தெரிய ஆரம்பித்தது. “மறந்துட்டேன்மா” என்றேன்.

“எதச் சொன்னாலும் மறக்குற பய” என்றாள் அம்மா. “மறந்தது மறந்ததாவே இருக்கட்டும்.”