அம்மா கழுவிய கற்கள்

"கல்லு எப்படி உண்டாச்சுன்னு தெரிஞ்சுக்க இத்தன வருஷப் படிப்பா? குவாரிக்காரனக் கேட்டா அஞ்சு நிமிஷத்துல சொல்லுவானே மோளே," என்றார் பக்கத்துச் சுள்ளிக்கல்லிலிருந்து வந்திருந்த மாமா, சாயாவை ஆற்றிக்கொண்டே. கிடங்கில் மூட்டை தூக்கிவிட்டு வந்த அப்பாவும் சிரித்தார்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூட வாசல் மிதித்த முதல் ஆள் நான். அந்தத் திமிரில் ஒரு முட்டாள்தனம் செய்தேன். பாலக்காட்டுப் பக்கம் ஒரு குவாரியில் எடுத்த பதினோரு கிரானைட் துண்டுகளை ஆய்வகத்திலேயே விட்டுவைக்காமல், மாமாவுக்குக் காட்டுவதற்காகக் கொச்சி மட்டாஞ்சேரியில் இருக்கும் எங்கள் வீட்டுக்குத் தூக்கி வந்தேன்.

பூமியின் ஆழத்தில் பாறைகள் நசுங்கி மடிந்துகொண்டிருந்தபோதே ஒரு பகுதி உருகி, மேலேறி, உறைந்து இந்தக் கிரானைட் ஆனது என்பது என் முனைவர் பட்ட ஆய்வின் வாதம். அப்படியென்றால் அதன் கனிமங்கள் நசுங்கிய திசைக்கு ஏற்ப வரிசையாகப் படுத்திருக்க வேண்டும். அதனால் பெயர்த்தெடுக்கும் முன்பே ஒவ்வொரு துண்டிலும் வடக்கு பார்த்து ஓர் அம்பும் ஓர் எண்ணும் எழுதியிருந்தேன். எது பாறையின் ஓரத்திலிருந்து வந்தது, எது நடுவிலிருந்து என்பது அந்த எண்ணில்தான் இருக்கிறது. அது இல்லாமல் ரசாயனப் பகுப்பாய்வு செய்தும் பயனில்லை.

ஞாயிற்றுக்கிழமை குளித்துவிட்டு வந்தேன். கற்கள் பளபளவென்று வரிசையாக இருந்தன.

"ஒரே கிறுக்கலு. ஆளு வர்ற வீடில்லையா? சோப்புக்குப் போகல, மண்ணெண்ண தொட்டுத் தேச்சேன்," என்றாள் அம்மா.

"அது எழுத்தும்மா."

அவள் கையிலிருந்த துணியைப் பார்த்தாள். "எனக்கெப்படித் தெரியும்?"

நான் சொல்லியிருந்தால்தானே தெரியும்.

அதே இடத்தில் மறுபடி கல் எடுக்க முடியுமா என்று குவாரி மேற்பார்வையாளரைப் போனில் கேட்டேன். "அந்த ஓரமா? போன மாசமே வெடி வச்சாச்சு சேச்சி."

போனில் இருந்த படங்களை வைத்து இரண்டு கற்களை அடையாளம் கண்டேன். மற்ற ஒன்பதும் வெறும் கல். மாமா வந்து ஒன்றை எடுத்துப் பார்த்து, "கொள்ளாம், நல்லா வழவழன்னு இருக்கு," என்றார். அம்மா அடுக்களையை விட்டு வெளியே வரவில்லை.

அவர் போனதும் மார்க்கரை எடுத்து ஒரு கல்லில் உத்தேசமாக ஏழு என்று எழுதி, அம்பும் போட்டேன். அச்சு அசலாக இருந்தது. யாருக்கும் தெரியப்போவதில்லை. அம்மாவின் மண்ணெண்ணெய்த் துணியை எடுத்து அதை அழித்தேன். மூன்று வருட உழைப்பு. கையில் மிஞ்சியது இரண்டு கல்.

திங்கட்கிழமை, எர்ணாகுளம் படகுக்கு நிற்கும்போதே என் வழிகாட்டிப் பேராசிரியைக்கு எழுதினேன்: ஒன்பது மாதிரிகளை நீக்கிவிடுங்கள், குறிகள் அழிந்துவிட்டன, கவனக்குறைவு என்னுடையது. அம்மாவைப் பற்றி ஒரு வரியும் எழுதவில்லை. படகு வந்து சேரும் முன்பே அனுப்பிவிட்டேன்.