அப்பா வாங்கி வந்த ஞாயிறு

ஹேர்னிங்கில் எங்களுக்கு அது முதல் வசந்தம். உயிர்த்த ஞாயிறன்று நாங்கள் நால்வரும் ஒன்றாகப் பூசைக்குப் போகிறோம் என்று அப்பா அறிவித்த நாளிலிருந்து எனக்குக் கால் நிலத்தில் படவில்லை. அப்பாவுக்கு ஹோட்டல் குசினியில் கோப்பை கழுவும் வேலை. ஊரே ஓய்ந்து கிடக்கும் ஞாயிறுதான் ஹோட்டலுக்குக் கொழுத்த நாள். டென்மார்க்குக்கு வந்தபின் அவர் ஒரு ஞாயிறுகூடக் கோயில் வாசலை மிதித்ததில்லை. தவக்காலம் முழுவதும் முதலாளியின் முன்னும் பின்னும் நின்று, அரைகுறை டேனிஷில் கெஞ்சி, அந்த ஒரே ஒரு ஞாயிறை வாங்கியிருந்தார்.

எனக்கு மஞ்சள் சட்டை. தம்பிக்குத் தலையில் வழிய வழிய எண்ணெய். அப்பா கலியாணக் கோட்டைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு சந்தியிலும் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "கெதியா நடவுங்கோ, சுவாமி எங்களுக்காகக் காத்திருக்கமாட்டார்" என்று அம்மாவின் உயிரை வாங்கினார். நான் முன்னால் ஓடினேன்.

பத்து மணிப் பூசைக்குச் சரியாகப் போய்ச் சேர்ந்தோம். கோயிலிலிருந்து சனம் வெளியே வந்துகொண்டிருந்தது.

"பாத்தீரே, முதல் பூசை இப்பதான் முடியுது" என்றார் அப்பா, பெருமையாக.

அன்றைக்கு இருந்ததே ஒரு பூசைதான். வாசலில் கைகுலுக்கிக்கொண்டிருந்த டேனிஷ் சுவாமி தன் கடிகாரத்தைக் காட்டினார். அதில் பதினொன்று. வசந்தம் வந்தால் நாடு முழுவதும் கடிகாரத்தை ஒரு மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளிவிடுவார்களாம். அதை நேற்றிரவுதான் செய்தார்களாம். எங்கள் ஊரில் கடிகாரத்தைத் திருத்துகிறவன்தான் கைவைப்பான். அரசாங்கமே கைவைக்கும் என்று யார் கண்டது? பள்ளிக்கூடத்தில் ரீச்சர் சொல்லியிருக்கக்கூடும். என் டேனிஷ் அப்போது பால் கேட்கும் அளவுக்குத்தான் வளர்ந்திருந்தது.

அம்மாவின் முகம் செத்துப்போயிற்று. "இஞ்சேருங்கோ, வீட்டை போவம். பிள்ளையள் குளிரில நிக்குதுகள்."

"நான் வரமாட்டன். எவ்வளவு கெஞ்சி வாங்கின ஞாயிறு! கும்பிடாமல் வீட்டை கொண்டுபோறதோ?"

அப்பா விறுவிறென்று உள்ளே போய் முன்வரிசை வாங்கில் முழந்தாளிட்டார். பிறகு எழுந்து, ஊர்க் கோயிலில் பாடுவதுபோலவே உரத்த குரலில் தமிழில் பாடத் தொடங்கினார். அம்மா கூச்சத்தோடு சேர்ந்துகொண்டா. நானும் தம்பியும் தொண்டை கிழியக் கத்தினோம். எங்கள் நாலு குரலையும் அந்தப் பெரிய கோயில் நாற்பதாக்கித் திருப்பித் தந்தது. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது!

மெழுகுதிரிகளை அணைத்துக்கொண்டிருந்த கிழவர் ஒவ்வொன்றாகத் திரும்பவும் ஏற்றினார். பக்கத்து அறையில் கோப்பி குடித்துக்கொண்டிருந்தவர்கள் கேக் தட்டுகளோடு வந்து கதவடியில் நின்றார்கள். சுவாமி வந்து அப்பாவுக்கும் அம்மாவுக்கும் நற்கருணை கொடுத்தார். அப்பாவின் கன்னமெல்லாம் நனைந்திருந்தது. எனக்கு அதைப் பார்க்க நேரமில்லை, கேக்கைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு துண்டு கிடைத்தது. பூசைக்குப் பிந்துவது இவ்வளவு நல்ல விஷயம் என்று யாருமே எனக்குச் சொல்லியிருக்கவில்லை.

திரும்பும் வழியெல்லாம் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு துள்ளினேன். "அப்பா, அடுத்த ஞாயிறும் நாங்கள் இப்பிடியே வருவமோ?"

அப்பா நின்றார். குனிந்து, என் கம்பளித் தொப்பியைக் காது மூடி, கண்ணும் மறையும்வரை கீழே இழுத்துவிட்டார். குளிருக்குத்தான் என்று நினைத்தேன்.